அண்டா காலி, மாஸ்டர் இருக்கிறார்

"ரெண்டு ஊசியும் போட்டாச்சு, பிறகும் கொரோனா வந்துட்டு. இப்ப மூணாவது போடணுமாம். வேலை செய்யுத ஊசின்னா எதுக்கு அண்ணாச்சி திரும்பத் திரும்ப?" 2022-ல் தூத்துக்குடி டீக்கடைகளில் இந்தப் பேச்சு சர்வ சாதாரணம். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் சரியாகச் சொல்லவில்லை. இந்தத் தடுப்பூசி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று சில மாதங்களில் ஓய்ந்துவிடும். மற்றது நெடுநாள் நிற்கும். பூஸ்டர் வேண்டும் என்றவர்கள் பெரும்பாலும் முதல் வேலையைப் பற்றிப் பேசினார்கள், வேண்டாம் என்றவர்கள் இரண்டாவதைப் பற்றி. இரு தரப்பும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வருடம் சண்டை போட்டோம்.

எப்படி இயங்குகிறது என்று பார்க்க ஒரு அடுப்படிக்குள் போவோம். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். முன்னால் வாசல், பெஞ்சு, கல்லா. பின்னால் அடுப்பு, அம்மி, அண்டா, சரக்கு மாஸ்டர். ஒருநாள் ஊர் பேர் தெரியாத ஒரு முரட்டுக் கூட்டம் உள்ளே நுழைகிறது. அவர்களுக்கு ஒரே ஒரு வகைக் குழம்புதான் வேண்டும். அது வாய்க்குள் போனால் வாய் அடைத்துவிடும். போகாதவரை சத்தம், நாற்காலி உடைப்பு. அதைவிட மோசம், உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டு மேலும் ஆட்களை வரவழைப்பார்கள். பத்துப் பேர் இருபதாவார்கள், இருபது நாற்பதாகும்.

கூட்டம் என்பது வைரஸ். குழம்பு என்பது எதிர்ப்பொருள். அது வைரஸின் மேலிருக்கும் முள் போன்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, நம் செல்லுக்குள் நுழையும் வாயை அடைக்கிறது. மாஸ்டர் என்பவர் நினைவு செல்.

முதல் முறை வந்த கூட்டத்துக்கு என்ன சமைப்பது என்றே மாஸ்டருக்குத் தெரியாது. ஒன்றொன்றாகப் போட்டு, ருசி பார்த்து, கொட்டி, மறுபடி கூட்டி, பக்குவம் பிடிபட உடம்பில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கடை பாதி நொறுங்கிவிடும். 2020-லும் 2021-லும் பலருக்கு நடந்தது அதுதான்.

தடுப்பூசி என்ன செய்கிறது? கூட்டத்தில் ஒருவனை மட்டும், கை கால் கட்டி, பட்டப்பகலில் கடைக்குக் கூட்டி வருகிறது. அவனால் எதையும் உடைக்க முடியாது. ஆனால் அதே குழம்பைக் கேட்பான். பாரத் பயோடெக்கின் கோவாக்சின், கொல்லப்பட்ட முழு வைரஸையே அப்படிக் கொண்டு வந்து நிறுத்தியது. சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு, சிம்பன்சிக்குச் சளி உண்டாக்கும் ஒரு வைரஸைப் பெருக முடியாதபடி முடக்கி, அதன் வழியாக முள் புரதத்தின் குறிப்பை மட்டும் அனுப்பியது. எதுவானாலும் மாஸ்டர் நிதானமாகக் கற்றுக்கொள்கிறார். இந்தப் பயிற்சி நடக்கும் இடம் நிணநீர் முடிச்சுகள். ஊசி போட்ட சில நாளில் சிலருக்கு அக்குளில் நெறி கட்டியது நினைவிருக்கும். உள்ளே ஆள் சேர்த்துச் சமையல் பழகிக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி முடிந்த கையோடு தற்காலிகச் சமையல் ஆட்கள் நிறையப் பேர் வந்து அண்டா அண்டாவாகக் குழம்பு வைப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் எக்கச்சக்கமாகத் தெரியும் காலம் இது. கூட்டம் வரவில்லையென்றால் அந்த ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்க உடம்புக்கு என்ன பைத்தியமா? அனுப்பிவிடும். வைத்த குழம்பும் தீர்ந்துகொண்டே வரும். ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருளில் பாதி மூன்று வாரத்துக்கு ஒருமுறை அழிகிறது. எலும்பு மஜ்ஜையில் மட்டும் சில நீண்டகால ஆட்கள் சிறு தீயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே இருப்பார்கள். மாஸ்டர் எங்கும் போகமாட்டார். பக்குவத்தை மறக்கவும் மாட்டார்.

அதனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அண்டா கிட்டத்தட்ட காலி, ஆனால் மாஸ்டர் இருக்கிறார். "எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது" என்று 2021 இறுதியில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை அண்டாவை எட்டிப் பார்த்து எழுதியவை.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பொதுச் சுகாதாரத் துறை மாநிலம் முழுதும் ரத்த மாதிரி எடுத்து எதிர்ப்பொருள் ஆய்வு நடத்தியது. 2020 அக்டோபர், நவம்பரில் நடந்த முதல் சுற்றில் சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. இரண்டாவது அலை உச்சம் தொடுவதற்கு முன்னால் நடந்த அடுத்த சுற்றில் அந்த விகிதம் கூடவில்லை, குறைந்தது. தொற்று வந்து போனவர்களின் உடம்பில் அண்டா இறங்கிக்கொண்டிருந்தது.

அண்டா முக்கியமா, மாஸ்டர் முக்கியமா என்ற கேள்விக்கு, கூட்டம் எவ்வளவு வேகமாகக் கடையை நாசம் செய்யும் என்பதைப் பொறுத்துத்தான் பதில். தட்டம்மை உடம்புக்குள் நுழைந்து, காய்ச்சல் தொடங்கவே பத்து நாள்போல் ஆகும். காலி அண்டாவோடு இருந்தாலும் மாஸ்டர் எழுந்து, அடுப்பு மூட்டி, சமைத்து முடித்துவிடுவார். கூட்டம் வந்த சுவடே தெரியாது. தட்டம்மைக்கு ஆண்டுதோறும் ஊசி கேட்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொரோனாவின் ஒமைக்ரான் வகைக்கு மூன்று நாள் போதும். மாஸ்டர் எழுந்து மசாலா அரைப்பதற்குள் மூக்கிலும் தொண்டையிலும் ரகளை நடந்துவிடும்: தும்மல், காய்ச்சல், உடம்பு வலி, பாசிட்டிவ் ரிசல்ட். ஆனால் நுரையீரல்வரை இறங்கி ஆளைச் சாய்க்க அதற்கு இன்னும் பல நாள் வேண்டும். அந்த அவகாசத்தில் குழம்பு தயாராகிவிடுகிறது. ஆகவே ஊசி போட்டவருக்குக் கொரோனா வரும். பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராது.

மெஸ்ஸில் இன்னொருவரும் உண்டு: கல்லா ஓரம் நிற்கும் அண்ணாச்சி. அவர் சமைப்பதில்லை. ரகளைக்காரனை அவன் பிடித்துக்கொண்ட பெஞ்சோடு தூக்கி வெளியே போடுவார். டி செல்கள் என்பவை இவர்கள்தான். வைரஸ் புகுந்த செல்லையே அழிப்பவர்கள். வைரஸ் தன் ருசியை மாற்றினாலும் இவர்கள் சட்டை, நடை, செருப்பு என்று பத்து அடையாளம் வைத்திருப்பதால் எளிதில் ஏமாறுவதில்லை. பூஸ்டர் விவாதத்தில் இந்த அண்ணாச்சியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவரை அளக்க எளிய ரத்தப் பரிசோதனை இல்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். அளக்க முடிந்தது தலைப்புச் செய்தியானது.

மாஸ்டரும் அண்ணாச்சியும் என்ன சாதித்தார்கள் என்பதற்கு நம் மாநிலக் காவலர்களின் கணக்கைப் பார்க்கலாம். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 2021 இரண்டாவது அலையின்போது 1,17,524 காவலர்களின் விவரத்தை எடுத்து ஆராய்ந்தது. ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். இரண்டு தவணை போட்ட 67,673 பேரில் இறந்தவர்கள் 4. மரணத்துக்கு எதிரான பாதுகாப்பு இரண்டு தவணையில் 95 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். கொரோனாவின் டெல்டா வகை ஆடிய நாட்கள் அவை. ஊசி போட்டும் அதிக நாள் ஆகியிருக்கவில்லை, அண்டாவும் நிறைந்திருந்தது.

2021 நவம்பர் 26-ல் உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரானுக்குப் பெயர் வைத்தபோது நிலைமை மாறியது. முள் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். வந்தது அதே கூட்டம்தான்; ஆனால் புளி கூடுதலாகவும் காரம் குறைவாகவும் கேட்டது. பழைய குழம்பு பாதி வாயைத்தான் அடைத்தது. இரண்டு தவணை போட்டு ஆறு மாதமானவர்களுக்குத் தொற்றைத் தடுக்கும் பாதுகாப்பு மிகவும் தேய்ந்துவிட்டது என்று பிரிட்டன் கணக்குகள் காட்டின. மூன்றாவது ஊசி அதை மீண்டும் ஏற்றியது. சில மாதங்களில் அதுவும் இறங்கியது.

இங்கே மூன்றாவது ஊசிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். அது அண்டாவை நிரப்பியதோடு நிற்கவில்லை. ஒரே குழம்பைச் சில மாத இடைவெளி விட்டு மறுபடி வைக்கும்போது மாஸ்டரின் கை இன்னும் தேறுகிறது. நிணநீர் முடிச்சுக்குள் ருசி சரியில்லாத ஆட்களைக் கழித்துவிட்டு, நன்றாக ஒட்டுகிற எதிர்ப்பொருளைச் செய்யும் செல்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதனால் கொஞ்சம் ருசி மாறிய கூட்டத்தையும் சமாளிக்கிற பக்குவம் வருகிறது. இந்தத் தேர்வுக்கு நேரம் வேண்டும். 2021 மே மாதம் கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டியபோது "ஊசி இல்லை, அதான் தள்ளிப்போடுறாங்க" என்று எல்லோரும் சொன்னோம். தட்டுப்பாடு இருந்தது உண்மைதான். நீண்ட இடைவெளி நல்லது என்பதும் உண்மைதான்.

நான்காவது ஊசியில் கதை வேறு. இஸ்ரேலின் ஷேபா மருத்துவமனை ஊழியர்களுக்கு நான்காவது போட்டுப் பார்த்தபோது, எதிர்ப்பொருள் மூன்றாவதற்குப் பின் இருந்த அளவுக்குத் திரும்பியது, அதைத் தாண்டிப் பெரிதாக ஏறவில்லை. தொற்றைத் தடுத்த ஆதாயமும் சொற்பம். அண்டா நிறைந்தது, மாஸ்டர் புதிதாகக் கற்க அதிகம் இல்லை.

கற்றதே சில நேரம் தடையாகவும் வரும். 2022 இலையுதிர் காலத்தில் அமெரிக்கா பழைய வைரஸும் ஒமைக்ரானும் கலந்த ஊசியைக் கொண்டு வந்தது. இரண்டு ஆர்டரையும் ஒன்றாகக் கொடுத்தால் மாஸ்டர் கை எதற்குப் போகும்? பழகிய குழம்புக்குத்தான். கலப்பு ஊசி பழைய ஊசியைவிடப் பெரிய வித்தியாசம் காட்டவில்லை என்று 2023 தொடக்கத்தில் ஆய்வுகள் வந்தன. அந்த ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பழைய வைரஸை ஊசியிலிருந்து எடுத்துவிடச் சொன்னது.

மூக்குக்கு விடும் மருந்தின் தர்க்கமும் இந்த மெஸ்ஸில் புரிந்துவிடும். அடுப்படி பின்னால் இருக்கிறது, கூட்டம் வருவது முன்வாசலில். கையில் போடும் ஊசி பின்கட்டைப் பலப்படுத்துகிறது, வாசலை அவ்வளவாக இல்லை. வாசலிலேயே ஒரு சிற்றடுப்பு வைப்போம் என்ற எண்ணத்தில் 2023 ஜனவரி 26 அன்று இன்கோவாக் வெளிவந்தது. தனியார் மையங்களுக்கு அப்போது 800 ரூபாய் விலை. அதற்குள் ஊரே சலித்திருந்தது.

இப்போது சண்டைக்கு வருவோம். 2021 ஆகஸ்டில், செப்டம்பர் முடியும்வரை யாரும் பூஸ்டர் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது; பிறகு அதை ஆண்டு இறுதிவரை நீட்டித்தது. ஏழை நாடுகளில் முதல் ஊசிக்கே ஆள் காத்திருக்கும்போது பணக்கார நாடுகள் மூன்றாவதைப் போடுவது சரியா என்பது அதன் கேள்வி. அந்நிறுவனத்தின் அப்போதைய தலைமை அறிவியலாளர் நம் சௌம்யா சுவாமிநாதன். செப்டம்பரில் லான்செட் இதழில் அவரும் பிறரும் சேர்ந்து, பொதுமக்கள் எல்லோருக்கும் பூஸ்டர் தேவை என்பதற்கான சான்று அப்போது இல்லை என்று எழுதினார்கள். அதே வாரம் அமெரிக்காவில் மருந்து ஒழுங்குமுறை ஆலோசனைக் குழு 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பூஸ்டர் என்ற யோசனையை 16-க்கு 2 என்று நிராகரித்தது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒருமனதாக ஏற்றது. விவாதத்தின் சரியான விடை அந்த ஒரே நாள் வாக்கெடுப்பிலேயே இருந்தது என்பது என் கட்சி. ஒமைக்ரான் வந்த பதற்றத்தில் அதை உலகம் மறந்தது.

இந்தியா 2022 ஜனவரி 10 அன்று முன்னெச்சரிக்கைத் தவணை என்ற பெயரில் தொடங்கியது: சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், இணைநோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்டோர். நல்ல தொடக்கம். ஏப்ரல் 10 முதல் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும், ஆனால் தனியார் மையத்தில் காசு கொடுத்து. ஊசிக்கு 225 ரூபாய், போடும் கூலி 150 வரை. ஜூலை 15 முதல் 75 நாள் இலவசம். யாருக்குக் கட்டாயம் தேவை, யாருக்கு இருந்தால் நல்லது என்ற வித்தியாசம் இந்த ஏற்ற இறக்கத்தில் கரைந்துபோனது. மொத்தம் போட்ட 220 கோடித் தவணைகளில் முன்னெச்சரிக்கைத் தவணை 22 கோடிக்குச் சற்று மேல்தான். தேவையான முதியவரும் போடவில்லை, தேவை குறைந்த இளைஞரும் போடவில்லை. தேவையில்லாமல் உற்பத்தியான சுமார் பத்துக் கோடித் தவணைகள் காலாவதியானதாக சீரம் நிறுவனத் தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலா 2022 அக்டோபரில் சொன்னார்.

தயக்கத்துக்கு அறிவியல் மட்டும் காரணமில்லை. தமிழ்நாட்டின் மெகா தடுப்பூசி முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஊசி போட்டால் கறியும் மதுவும் கூடாது என்ற நம்பிக்கை பரவியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கப் பலர் தயாராக இல்லை. 2021 அக்டோபரில் முகாமைச் சனிக்கு மாற்றினார் அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன். மீன் இல்லாத ஞாயிறு என்பதை நம் கடற்கரையில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஊசிக்கும் மீனுக்கும் எந்தப் பகையும் கிடையாது.

கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் பூஸ்டர் வேறொரு பொருள். வ.உ.சி. துறைமுகமும் தமிழ்நாடு கடல்சார் பயிற்சிக் கழகமும் இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. அவர்களுக்கு ஊசி என்பது காகிதம். பெரியம்மை ஒழியும்முன் சர்வதேசப் பயணத்துக்கான அம்மைக்குத்துச் சான்றிதழுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் துறைகளுக்குப் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு தடவை போட்டாலே பாதுகாப்பு நிற்கிறது என்று சான்றுகள் சேர்ந்ததும், 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்று ஆக்கினார்கள். கொரோனாவிலோ 2022 பிப்ரவரி முதல் தேதி ஐரோப்பிய ஒன்றியம் தன் பயணச் சான்றிதழில் முதல் சுற்று ஊசிக்கு 270 நாள் ஆயுள் வைத்தது. நம்மூரில் அப்போது 39 வாரம், அதாவது 273 நாள், முடிந்தால்தான் மூன்றாவது ஊசி! வெளிநாடு போகிறவர்கள் முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம் என்று மே மாதம்தான் தளர்த்தினார்கள். மாஸ்டர் எத்தனை நாள் தூங்குகிறார் என்பதற்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லை.

பக்க விளைவு பற்றிய பயத்தைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு 17 அன்று காலமானது தமிழ்நாட்டை உலுக்கியது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு அக்டோபரில் அறிவித்தது. பயம் அதற்குள் ஊர் சுற்றி வந்திருந்தது. 18 முதல் 45 வயதுள்ளவர்களின் திடீர் மரணங்களை 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்றும், இரண்டு தவணை அதைக் குறைத்தது என்றும் 2023-ல் வெளியிட்டது. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவால் ஆஸ்பத்திரியில் கிடந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிய குடி போன்றவைதான் ஆபத்தைக் கூட்டின. அதே சமயம் கோவிஷீல்டு வகை ஊசியில் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வந்தது உண்மை. 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கும்படி பிரிட்டன் 2021 மே மாதமே சொன்னது. அடுத்த ஊசியால் கிடைக்கும் ஆதாயம் சிறுத்துக்கொண்டே போகும்போது, அரிதான ஆபத்தும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகிறது. இதைச் சொல்பவரை எல்லாம் ஊசி விரோதி என்று ஏசியது நம் பக்கத்துத் தவறு.

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்? மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, கூப்பிட்டால் எழ நேரமாகிறது என்ற வீடுகளுக்கு. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் போன்றோரிடம் மாஸ்டரின் கையையே மருந்து கட்டிப்போட்டிருக்கிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களிடம் கடையே பழுதாகி நிற்பதால் சிறு ரகளையையும் தாங்காது. இவர்களுக்கு அண்டாவில் எப்போதும் கொஞ்சம் குழம்பு இருப்பது உயிர்ப் பிரச்சினை. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொன்னது: இத்தகையோருக்கு ஆறு அல்லது பன்னிரண்டு மாத இடைவெளியில் மறு ஊசி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு முதல் பூஸ்டரோடு போதும், வழக்கமாக இன்னும் இன்னும் தேவையில்லை. பிரிட்டன் இலையுதிர் கால பூஸ்டரை 2022-ல் 50 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கொடுத்தது, 2023-ல் 65 ஆக்கியது, 2025-ல் 75 வயதுக்கு மேற்பட்டோரோடும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களோடும் நிறுத்திக்கொண்டது.

ஒரு வேண்டுகோள். வீட்டில் 60 தாண்டிய அப்பாவோ ஆச்சியோ இருந்தால், கோவின் தளத்தின் தடுப்பூசிச் சான்றிதழை இறக்கி அச்செடுத்து, சர்க்கரை மாத்திரைச் சீட்டு இருக்கும் அதே பையில் வையுங்கள். கொரோனா வந்த மாதங்களையும் அதன் பின்புறத்தில் எழுதுங்கள். கடைசி ஊசி எது, எப்போது, இடையில் தொற்று வந்ததா என்று தெரிந்தால்தான் இன்னொன்று வேண்டுமா என்று மருத்துவர் உங்களுக்குச் சொல்ல முடியும்.